ஊரணிக்குத் தண்ணீர் வரும் வழி: நிலை தளர்ந்த நாடுகளில் சுகாதாரக் கட்டமைப்பு

புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள். காரைக்குடியிலிருந்து கல்லல் போகிற பக்கம் உள்ளொதுங்கிய எங்கள் ஊரில், துணை சுகாதார நிலையத்து வேப்பமரத்தடியில் காலை பத்து மணிக்கெல்லாம் நாலைந்து தாய்மார்கள் கூடிவிடுவார்கள். மடியில் பிள்ளை, கையில் தடுப்பூசி அட்டை. கிராம சுகாதார செவிலியர் நீலப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஐஸ் பேக்குகளுக்கு நடுவிலிருந்து ஒரு குப்பியை எடுப்பார். ஊசியில் மருந்தை ஏற்றுவதற்கு முன்னால் குப்பியைக் கண்ணுக்கு நேரே பிடித்து ஒரு நொடி உற்றுப் பார்ப்பார். பார்த்துத் திருப்தியானால்தான் அடுத்த வேலை.

"ஏத்தா, புள்ளைக்குக் காய்ச்சல் வருமா?" என்று பேரனைத் தூக்கிவந்த அப்பத்தா கேட்பார்.

"ராத்திரி லேசா அடிக்கும் அப்பத்தா. மருந்து தந்திருக்கேன், பயப்படாதீங்க."

அந்த ஒரு நொடியில் செவிலியர் எதைப் பார்க்கிறார்? குப்பியின் லேபிளில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிறி இருந்தால் மருந்து நன்றாக இருக்கிறது. வெப்பம் பட்டுக்கொண்டே போனால் சதுரம் மெல்லக் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டாலே குப்பியை ஒதுக்கிவிட வேண்டும். 1996-இல் போலியோ சொட்டு மருந்துக் குப்பிகளில் தொடங்கி, பிறகு மற்ற தடுப்பூசிகளுக்கும் பரவிய அடையாளம் இது. எங்கள் ஊரில் இருக்கிற அதே சதுரம்தான் ஆப்கானிஸ்தானின் காந்தகாரிலும் தெற்கு சூடானின் ஜூபாவிலும் இருக்கிறது. அதைக் கறுக்காமல் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அங்கே என்னென்ன வேண்டியிருக்கிறது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நான் முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருந்தவன். அதனால் குப்பியைப் பார்த்ததும், அது வந்த பாதையைப் பின்னால் போய்ப் பார்க்கிற பழக்கம் உண்டு. செவிலியரின் பெட்டிக்கு முன்னால் அது ஆரம்ப சுகாதார நிலையத்தின் குளிர்பெட்டியில் இருந்தது. அங்கே 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். காலையும் மாலையும் ஒருவர் வெப்பநிலையைப் பார்த்து எழுதுகிறார். அதற்கு முன்னால் மாவட்டக் கிடங்கு, கிடங்கிலிருந்து வந்த வண்டி, வண்டிக்கு டீசல். எத்தனை குப்பி வேண்டும் என்று இண்டென்ட் போட்டவர் ஒருவர். அந்தக் கணக்கைப் போட ஊரில் எத்தனை குழந்தைகள் என்ற பட்டியல். இத்தனை பேருக்கும் மாதம் முடிந்தால் சம்பளம். எல்லாவற்றுக்கும் மேலே, பேரனின் தொடையில் ஊசி குத்த அந்த அப்பத்தா சம்மதிக்கிறாரே, அந்த நம்பிக்கை.

இதையெல்லாம் சேர்த்துத்தான் சுகாதாரக் கட்டமைப்பு என்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2007-இல் இதை ஆறு கூறாகப் பிரித்துச் சொன்னது: மக்களுக்குச் சேவை தருவது, பணியாளர்கள், தகவல், மருந்தும் கருவிகளும், பணம், இவற்றை நடத்தும் நிர்வாகம். பாடம் நடத்த வசதியான பிரிவுதான். ஆனால் ஆறில் ஒன்று நின்றாலும் மற்ற ஐந்தும் தள்ளாடும் என்பது வேலை பார்த்தவர்களுக்குத்தான் உறைக்கும். அப்பத்தாவின் நம்பிக்கைக்கு அந்த ஆறில் தனி இடம் இல்லை. அதை ஏழாவதாக நான் சேர்த்துக்கொள்கிறேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஊரணியும் டேங்கர் லாரியும்

செட்டிநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. முன்னோர்கள் ஊருக்கு ஊர் ஊரணி வெட்டினார்கள். பெரிய வீடுகளின் ஓட்டுக்கூரையில் விழுந்த மழை முற்றத்தில் இறங்கும். அங்கிருந்து தெருவோர வடிகாலுக்குப் போகும். காட்டுப்பக்கம் பெய்த மழை வரத்துக்கால் வழியாக வரும். எல்லாம் ஊரணியில் சேரும். ஊரணி வெட்டியவர் பெயர் படித்துறையில் கல்வெட்டாக இருக்கும். வருஷா வருஷம் வரத்துக்காலைத் தூர் வாரியவர்கள் பெயர் எங்கேயும் இருக்காது. ஆனால் வரத்துக்கால் தூர்ந்து போனால், கல் கட்டிய ஊரணியில் மழைக்காலத்திலும் ஆடுதான் மேயும்.

பஞ்ச காலத்தில் டேங்கர் லாரி வருகிறது. வேண்டியதுதான், குடிக்கத் தண்ணீர் இல்லாதவனிடம் போய் வரத்துக்காலைப் பற்றிப் பேச முடியுமா? ஆனால் அந்த லாரி ஐந்து வருஷம், பத்து வருஷம் என்று தொடர்ந்து வந்தால் என்ன ஆகும்? வரத்துக்காலில் வீடு கட்டிவிடுவார்கள். தூர் வாரத் தெரிந்தவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். லாரி நிற்கிற அன்று, பழைய ஊரணியும் இருக்காது, புது வழியும் இருக்காது.

போரிலும் பஞ்சத்திலும் சிக்கிய நாடுகளுக்கு வெளியிலிருந்து வருகிற மருத்துவ உதவியை நான் இப்படித்தான் பார்க்கிறேன். கூடாரம் போட்டு அறுவை சிகிச்சை செய்கிறவர்கள், காலராவுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் கொடுக்கிறவர்கள் எல்லாம் உயிரைக் காப்பவர்கள், அவர்களை ஒரு சொல் குறைத்துப் பேச மாட்டேன். கட்டமைப்பை வலுப்படுத்துவது என்பது அதற்குப் பக்கத்திலேயே நடக்க வேண்டிய இன்னொரு வேலை, வரத்துக்காலைத் தூர் வாருகிற வேலை.

இரண்டும் மோதிக்கொள்கிற இடமும் உண்டு. வெளிநாட்டு அமைப்பு ஒன்று தலைநகரில் அலுவலகம் திறக்கிறது. ஆங்கிலம் தெரிந்த, படித்த ஆள் வேண்டும். அரசு மருத்துவமனை டாக்டருக்கு மூன்று மாதமாகச் சம்பளம் வரவில்லை. அவர் அங்கே மொழிபெயர்ப்பாளராகவோ, திட்ட அலுவலராகவோ போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது. ஆனால் மருத்துவமனையில் ஒரு டாக்டர் குறைந்துவிட்டார். பயிற்சி வகுப்புக்குப் போனால் படி கிடைக்கும் என்பதால், சிகிச்சை நாளில் நிலையத்தைப் பூட்டிவிட்டு வகுப்புக்குப் போகிற செவிலியர்களும் உண்டு. பத்து அமைப்புகள் பத்துவிதப் படிவம் கேட்டால், ஒரே செவிலியர் ஒரே பிரசவத்தைப் பத்து ரிஜிஸ்டரில் எழுத வேண்டும். மூன்று ரிஜிஸ்டருக்கே எங்கள் கை எப்படி வலித்தது என்று எனக்குத் தெரியும்.

நிலை தளர்ந்த நாடு என்றால்

ஆங்கிலத்தில் இந்த நாடுகளைக் குறிக்க, எளிதில் நொறுங்கும் என்ற பொருளில் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். நான் நிலை தளர்ந்த நாடு என்கிறேன். அரசு என்று ஒன்று இருக்கும், கொடி இருக்கும், அமைச்சர் இருப்பார். ஆனால் அந்த அரசின் கை எல்லா ஊருக்கும் எட்டாது, அல்லது எட்டுகிற கையை மக்கள் நம்ப மாட்டார்கள். உலக வங்கி ஒவ்வோர் ஆண்டும் இப்படிப்பட்ட நாடுகளின் பட்டியல் ஒன்றை வெளியிடுகிறது. அதில் ஏறத்தாழ 40 இடங்கள் இருக்கின்றன. ஆப்கானிஸ்தான், ஏமன், சோமாலியா, தெற்கு சூடான், காங்கோ ஜனநாயகக் குடியரசு, ஹெய்ட்டி, மியான்மர்.

கடைசியில் இருப்பது நமக்குப் பழகிய பர்மாதான். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளின் தூண்கள் பர்மாத் தேக்கு. அந்தத் தேக்கையும் பணத்தையும் கொண்டுவந்தவர்கள் ரங்கூனிலும் ஐராவதி ஆற்றுப் பகுதியிலும் தொழில் செய்தவர்கள். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு போட்டது. அடுத்த சில மாதங்களில் பல லட்சம் இந்தியர்கள் அங்கிருந்து கிளம்பினார்கள். கப்பல் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அசாம் மலைகள் வழியாகவும் நடந்தார்கள். வழியில் காலராவிலும் மலேரியாவிலும் மாண்டவர்கள் ஏராளம். நேற்றுவரை ஆஸ்பத்திரியும் தபாலும் ரயிலும் ஓடிய நாடு சில வாரங்களில் என்ன ஆகும் என்பதை நம் ஊர்ப் பெரியவர்களில் பலர் நடந்தே பார்த்தார்கள்.

அதே நாட்டில் 2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. இரண்டே நாளில் முதலில் வேலையை விட்டு வெளியே வந்தவர்கள் அரசு மருத்துவமனை டாக்டர்களும் செவிலியர்களும்தான். ராணுவத்தின் கீழ் வேலை பார்க்க மாட்டோம் என்றார்கள். அரசு மருத்துவமனைகள் பல முடங்கின, குழந்தைகளுக்கான தடுப்பூசி வேலை சரிந்தது. இங்கே ஒரு கடினமான கேள்வி வருகிறது. கட்டமைப்பை வலுப்படுத்துகிறேன் என்று ஒருவர் பணத்தோடு வந்தால், அதை யாரிடம் கொடுப்பது? தலைநகரில் இருக்கிற அமைச்சகத்திடம் கொடுத்தால் ராணுவத்தின் கை ஓங்கும். கொடுக்காவிட்டால் யாங்கோனில் (பழைய ரங்கூன்) இருக்கிற சர்க்கரை நோயாளிக்கு மருந்து இல்லை.

அந்த நாட்டின் எல்லைப் பகுதிகளில் வேறொரு கட்டமைப்பு பல காலமாகவே இருக்கிறது. தாய்லாந்தின் மே சோட்டில் டாக்டர் சிந்தியா மாங் 1989-இல் தொடங்கிய மருத்துவமனை அகதிகளுக்காக இன்னும் நடக்கிறது. 1998 முதல் முதுகில் மருந்துப்பை சுமந்து மலைக்கிராமங்களுக்கு நடந்தே போகிற சுகாதாரக் குழுக்கள் இருக்கின்றன. அவர்களிடம் பிறப்பு, இறப்பு, மலேரியா எல்லாவற்றுக்கும் பதிவேடு இருக்கிறது. நாடு என்றால் ஒரே அமைச்சகம் என்று நினைத்து வருகிறவர்களுக்கு இவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். என் பார்வையில் வலுப்படுத்த வேண்டிய கட்டமைப்பில் அந்த முதுகுப்பையும் சேர்த்திதான்.

சம்பளம், புள்ளி, பாஸ்புக்

எங்கே தொடங்குவது என்று கேட்டால், நான் சம்பளத்தில் தொடங்குவேன். புது ஆஸ்பத்திரி கட்டுவதில் பலருக்கு ஆசை, திறப்பு விழா இருக்கும், ரிப்பன் இருக்கும். எங்கள் ஊர்களில் ஒரு தெரு நீளத்துக்கு நிற்கிற வீடுகளைப் பாருங்கள். ஆத்தங்குடி ஓடு, முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவர், எல்லாம் இருக்கும். உள்ளே ஒரு காவல்காரரைத் தவிர ஆள் இருக்காது. ஆளில்லாத ஆஸ்பத்திரியும் அப்படித்தான், சீக்கிரம் வௌவால் குடியேறிவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் சியெரா லியோன் என்றொரு சின்ன நாடு. 2002-இல் முடிந்த உள்நாட்டுப் போர் அதை உருக்குலைத்திருந்தது. பிரசவத்தில் தாய்மார்கள் இறப்பது உலகத்திலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 2010 ஏப்ரல் 27 அன்று, கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் சிகிச்சை இலவசம் என்று அந்த அரசு அறிவித்தது. இலவசம் என்று அறிவிப்பது எளிது. அறிவிப்பதற்கு முன்னால் அவர்கள் செய்ததைத்தான் நான் எல்லோருக்கும் சொல்வேன். சம்பளப் பட்டியலை எடுத்து, பெயருக்கு நேரே ஆள் இருக்கிறாரா என்று சரிபார்த்தார்கள். இல்லாத ஆட்களின் பெயரில் சம்பளம் போய்க்கொண்டிருந்தது தெரிந்தது. அந்தப் பெயர்களை நீக்கினார்கள். உண்மையில் வேலை பார்க்கிறவர்களுக்குச் சம்பளத்தைக் கணிசமாக உயர்த்தினார்கள். அதற்குப் பிறகுதான் கதவைத் திறந்தார்கள். தாய்மார்கள் பிள்ளைகளோடு திரண்டு வந்தார்கள். சம்பளம் ஒழுங்காக வருகிற செவிலியருக்கு, நோயாளியிடம் கைநீட்ட வேண்டிய தேவை குறைகிறது. இலவசம் இலவசமாகவே நிற்பதற்கு அது வேண்டும்.

ஏமனில் இதற்கு நேர்மாறு. போர் நடுவே 2016-இன் பிற்பகுதியிலிருந்து அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் நின்றது. டாக்டர், செவிலியர், குப்பை அள்ளுபவர், தண்ணீர் பம்ப் இயக்குபவர் எல்லோருக்கும்தான். பம்புக்கு மின்சாரமும் எரிபொருளும் இல்லை. அதே ஆண்டு அக்டோபரில் காலரா தலைகாட்டியது. 2017 முடிவதற்குள் காலரா என்று சந்தேகிக்கப்பட்டவர்கள் 10 லட்சத்தைத் தாண்டினார்கள். காலரா தண்ணீரில் வருகிற நோய். அதனால் சுகாதாரக் கட்டமைப்பு சுகாதாரத் துறையோடு முடிகிற சங்கதி கிடையாது. பம்ப் இயக்குபவரும் அதில் சேர்த்திதான்.

அடுத்தது கணக்கு. நகரத்தார் கோயில்களில் 'புள்ளி' என்று ஒரு முறை உண்டு. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. கோயில் பதிவில் எத்தனை புள்ளி என்று தெரிந்தால்தான் வரி எவ்வளவு, திருவிழாவுக்கு எவ்வளவு என்று தீர்மானிக்க முடியும். சுகாதாரத்துக்கும் முதலில் புள்ளிக் கணக்கு வேண்டும். எங்கள் செவிலியர் "இந்த மாதம் எட்டுப் பிள்ளைகளுக்கு ஊசி போட்டேன்" என்றால், நான் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பேரில் எட்டு?" என்பதுதான். எட்டில் எட்டு என்றால் சந்தோஷம். இருபதில் எட்டு என்றால் பன்னிரண்டு வீட்டுக்கு நடக்க வேண்டும்.

காங்கோவில் கடைசியாக மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1984-இல். ஆப்கானிஸ்தானில் 1979-இல், அதுவும் பாதியில் நின்றது. அப்புறம் பிறந்தவர்கள், இறந்தவர்கள், ஓடிப்போனவர்கள் எத்தனை பேர் என்பதெல்லாம் மதிப்பீடுதான். அதனால் அங்கே அமைச்சகத்து அறிக்கையில், நூற்றுக்கு நூற்றுப் பத்துப் பேருக்குத் தடுப்பூசி போட்டதாகக்கூட எண் வரும். யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை, அடியில் இருக்கிற எண் தப்பு. இப்போது செயற்கைக்கோள் படங்களில் கூரைகளை எண்ணிப் பார்த்து ஆள் கணக்கு மதிப்பிடுகிறார்கள். நல்ல உதவிதான். ஆனாலும் ஒரு வீட்டில் பிள்ளை பிறந்ததும் அதை நோட்டில் எழுதுகிற உள்ளூர்ப் பெண் ஒருத்திக்கு அது ஈடாகாது.

மருந்தைப் பற்றி நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் டெண்டர், மாவட்டந்தோறும் கிடங்கு, வந்த மருந்தை ஆய்வகத்தில் சோதித்த பிறகே விநியோகம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வங்கிப் பாஸ்புக் மாதிரியே. உங்கள் நிலையத்துக்கு இவ்வளவு தொகை என்று எழுதியிருக்கும், எடுக்கிற மருந்தின் விலை கழிந்துகொண்டே வரும். பற்று வரவும் ஐந்தொகையும் எழுதிப் பழகிய எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரிடம் இதைக் காட்டியபோது, "இதில் விளக்க என்னப்பா இருக்கு?" என்றார். மாத்திரை அட்டையில் 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்டிருக்கும், அதனால் வெளிக்கடையில் அதை விற்க முடியாது. கேரளாவும் ராஜஸ்தானும் பின்னாளில் இதே வழியில் கழகங்கள் அமைத்தன.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இங்கேயும் தவறு நடக்கும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், ஓர் ஐப்பசி மழை இரவில் மின்சாரம் போனது. ஜெனரேட்டரைப் போடலாம் என்று பார்த்தால் டீசல் இல்லை. வாங்கி வைத்திருக்க வேண்டியதை யாரும் வாங்கவில்லை, நானும் பார்க்கத் தவறிவிட்டேன். குளிர்பெட்டியின் மூடியைத் திறக்காமல் பொத்திவைத்து, டார்ச் வெளிச்சத்தில் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விடிவதற்கு முன் ஜீப்பில் ஏற்றிப் பக்கத்து நிலையத்துக்குக் கொண்டுபோய்விட்டோம். குப்பிகளை எடுத்து ஒவ்வொன்றாகச் சதுரத்தைப் பார்த்தபோது என் கை நடுங்கியது. வீணாகவில்லை. அந்த இரவில் எங்களைக் காப்பாற்றியது பக்கத்து நிலையம். அங்கே மின்சாரமும் இருந்தது, கதவைத் திறக்க ஆளும் இருந்தார். நிலை தளர்ந்த நாட்டில் அந்தப் பக்கத்து நிலையம் இல்லை. ஒரு தப்புக்குத் தாங்கிப் பிடிக்க இன்னொரு கை அங்கே இல்லை.

நீர்மாலை எடுக்காமல்

2013 டிசம்பரில் கினி நாட்டுக் கிராமம் ஒன்றில் தொடங்கிய எபோலா என்ற கொடிய தொற்றுநோய், பக்கத்து லைபீரியாவுக்கும் சியெரா லியோனுக்கும் பரவியது. 2016-இல் முடியும்போது 28,000 பேருக்கு மேல் நோய் கண்டிருந்தது, 11,000 பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். லைபீரியாவில் 2003-இல்தான் உள்நாட்டுப் போர் முடிந்திருந்தது. 40 லட்சத்துக்கு மேற்பட்ட மக்களுக்கு அங்கே சுமார் 50 டாக்டர்கள். கையுறை இல்லை, பல இடங்களில் கை கழுவத் தண்ணீர் இல்லை. மூன்று நாடுகளிலும் சேர்த்து மருத்துவப் பணியாளர்களே 500 பேருக்கு மேல் இறந்தார்கள். எபோலாவுக்குப் பயந்து மற்ற நோயாளிகள் ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. பிரசவத்திலும் மலேரியாவிலும் போன உயிர்கள் எபோலா கணக்கில் வராது.

இங்கேதான் நான் சொன்ன ஏழாவது விஷயம் வருகிறது. எபோலாவில் இறந்தவர் உடலிலிருந்து நோய் தொற்றும். அந்த ஊர்களில் இறந்தவரைக் குளிப்பாட்டித் தொட்டு வழியனுப்புவது வழக்கம். தொடக்கத்தில் வெள்ளை உடுப்பில் முகம் தெரியாதவர்கள் வந்து உடலைப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள். மக்கள் என்ன செய்தார்கள்? நோயாளிகளை ஒளித்து வைத்தார்கள், இரவில் தாங்களே புதைத்தார்கள்.

நம் வீட்டில் வைத்துப் பாருங்கள். அப்பத்தா இறந்துவிட்டார். நீர்மாலை எடுக்கக்கூடாது, வாய்க்கரிசி போடக்கூடாது, பேரன் பேத்திகள் நெய்ப்பந்தம் பிடிக்கக்கூடாது, எங்கே கொண்டுபோகிறார்கள் என்றும் சொல்ல மாட்டார்கள். நாம் சம்மதிப்போமா? கொரோனா நேரத்தில் இந்த வலியை நம்மில் பலர் பட்டிருக்கிறோம். 2014 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் அடக்க முறையை மாற்றி எழுதியது. மதப் பெரியவர்களைக் கலந்து, குடும்பத்தார் தள்ளி நின்று பார்க்கவும் பிரார்த்தனை செய்யவும் வழிவிட்டது. அதன்பின் ஒளித்து வைப்பது குறையத் தொடங்கியது. மருந்தே இல்லாத நேரத்தில் நோயைக் கட்டுப்படுத்தியதில் பெரும் பங்கு, இறந்தவருக்குக் கொடுத்த இந்த மரியாதைக்கு உண்டு.

அதே ஆண்டு ஜூலையில் விமானத்தில் வந்த ஒரு நோயாளியோடு நைஜீரியாவின் லாகோஸ் நகரத்துக்கும் எபோலா வந்தது. இரண்டு கோடி மக்கள் நெருக்கியடித்து வாழ்கிற நகரம் என்று உலகமே பயந்தது. அங்கே சிகிச்சை தந்த டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடாடெவோ, அந்த நோயாளியை வெளியே விடும்படி வந்த நெருக்கடிகளுக்கு மசியவில்லை. பிறகு அதே நோயில் அவரும் உயிரிழந்தார். நைஜீரியாவில் போலியோவை ஒழிக்கப் பல ஆண்டுகளாக வீடு வீடாக நடந்து பழகிய ஆட்கள் இருந்தார்கள். அவர்களை இயக்க ஓர் அவசர மையமும் இருந்தது. அந்த ஏற்பாட்டை அப்படியே எபோலா பக்கம் திருப்பினார்கள். தொடர்பில் இருந்த ஏறத்தாழ 900 பேரைத் தேடிப்பிடித்துத் தினமும் வெப்பநிலை பார்த்தார்கள். மொத்தம் 20 பேருக்கு நோய், 8 பேர் இறப்பு. 2014 அக்டோபர் 20 அன்று நாட்டில் எபோலா இல்லை என்று அறிவிக்கப்பட்டது. போலியோவுக்காக வெட்டிய வரத்துக்காலில் எபோலாவுக்கும் தண்ணீர் வந்தது. லைபீரியாவும் எபோலாவில் பாடம் படித்து, சுகாதார நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிற ஊர்களுக்கென உள்ளூர் ஆட்களையே பயிற்றுவித்து, மாதச் சம்பளமும் கொடுத்து, 2016 முதல் வேலைக்கு வைத்தது.

காபூலில் பணம் நின்ற மாதம்

ஆப்கானிஸ்தானை நான் கடைசியாக வைத்தேன். இந்த வேலை எவ்வளவு சாதிக்கும் என்பதும், எங்கே முறியும் என்பதும் ஒரே நாட்டில் தெரிகிறது. 2001-க்குப் பின் அங்கே எல்லாம் சிதைந்து கிடந்தது. 2003-இல் அரசு ஓர் அடிப்படைச் சேவைப் பட்டியல் போட்டது: பிரசவம், தடுப்பூசி, காசநோய், பிள்ளைகளுக்கு ஊட்டச்சத்து என்று, எந்தக் குக்கிராமத்திலும் கிடைத்தாக வேண்டியவை. என்ன செய்வது என்பதை அமைச்சகம் தீர்மானித்தது, களத்தில் செய்வதைத் தன்னார்வ அமைப்புகளுக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தது, பணம் வெளிநாடுகள் தந்தன. நாடு முழுக்க 500-க்கும் குறைவாக இருந்த மருத்துவச்சிகள் சில ஆயிரமானார்கள். அவர்களில் பலர் ஊர்ப் பெரியவர்களே தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்கள், படித்து முடித்ததும் தங்கள் ஊருக்கே திரும்பியவர்கள். பிரசவ இறப்பும் குழந்தை இறப்பும் இறங்கின.

2021 ஆகஸ்டில் தாலிபான் காபூலைப் பிடித்தது. நன்கொடை நாடுகள் பணத்தை நிறுத்தின. செப்டம்பர் பிற்பகுதியில் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கணக்குப்படி, அந்தத் திட்டத்து நிலையங்களில் 17 சதவீதம்தான் முழுமையாக இயங்கிக்கொண்டிருந்தன. ஒரே மாதத்தில் இந்த நிலை. எங்கள் பக்கம் 'மகமை' என்று ஒரு வழக்கம், வியாபாரத்தில் ஒரு பங்கைப் பொதுக்காரியத்துக்கு ஒதுக்குவது. ஒதுக்குவது நாம், செலவழிப்பதும் நாம். ஆப்கானிஸ்தானில் மகமை முழுதும் வெளியாருடையது, அவர்கள் கோபித்துக்கொண்ட அன்று பெட்டி காலி. ஆனால் ஒன்று கவனியுங்கள். பிறகு ஐ.நா. அமைப்புகள் வழியாகப் பணம் திரும்பியபோது அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஆட்கள் இருந்தார்கள். தன்னார்வ அமைப்புகளின் ஒப்பந்தம், செவிலியர், மருந்துப் பட்டியல் எல்லாம் காபூல் அமைச்சகத்தை மட்டும் சார்ந்திராததால் கலைந்துவிடவில்லை. நிலையங்கள் மறுபடி திறந்தன.

அப்புறம் 2024 டிசம்பரில் அடுத்த அடி விழுந்தது. பெண்கள் செவிலியர் படிப்பும் மருத்துவச்சிப் படிப்பும் படிக்கக்கூடாது என்று தாலிபான் தடுத்துவிட்டது. ஆண் மருத்துவர் பெண்ணைத் தொட்டுப் பார்க்க வழியில்லாத ஊர்கள் அவை. இப்போது வேலையில் இருக்கிற மருத்துவச்சிகளுக்கு வயதாகும், சிலர் நாட்டை விட்டுப் போவார்கள். அவர்கள் இடத்துக்கு வர வேண்டிய பெண்கள் வகுப்பிலிருந்து பாதியில் எழுப்பி அனுப்பப்பட்டார்கள். கட்டடம் இருக்கிறது, மருந்தும் வரலாம், சம்பளத்துக்குப் பணமும் எங்கிருந்தாவது கிடைக்கலாம். நடுராத்திரியில் வலியெடுத்த பெண்ணை மாமியார் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கதவைத் தட்டும்போது, உள்ளிருந்து எழுந்துவர வேண்டிய மருத்துவச்சி, புத்தகங்களை மூட்டை கட்டிக்கொண்டு அந்த டிசம்பரில் வீடு திரும்பிய மாணவிகளில் ஒருத்தி.